பக்கத்தில் இருந்தும் சேராத ஊற்றுகள்: பாறைக்குள் இருக்கும் இணைப்பை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றிப் போர் போடுகிறவர்களும், அந்தப் போர்களின் கணக்கை வைத்து ஆய்வேடு எழுதும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்கும் விதம் மட்டும் வேறு. இரு தரப்புக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கணக்கு வேண்டாம் என்பவர்கள் நடுவில் சில கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.

பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு இஞ்சுத் தண்ணீர் கொட்டுகிறது. எழுபது அடி தள்ளிப் போட்ட என் போரில் வெறும் பாறை மாவுதான் பறந்தது. இது எப்படி?

உங்கள் காலடியில் இருப்பது மணல் அல்ல, பாறை. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வைகைக் கரையோர வண்டலை விட்டு விலகினால் அடியில் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் என்ற கடும்பாறைகளில் ஏதோ ஒன்றுதான். இந்த நிலப்பரப்பைப் புவியியலார் மதுரைத் தொகுதி என்கிறார்கள். வடக்கே பாலக்காடு–காவிரி, தெற்கே அச்சன்கோவில் என்று பாறை நசுங்கி நகர்ந்த இரண்டு பெரும் மண்டலங்களுக்கு நடுவில் அது கிடக்கிறது. கெட்டியான பாறையின் உடம்புக்குள் தண்ணீர் நிற்க இடமே இல்லை என்று சொல்லலாம். நிற்பது இரண்டே இடங்களில்: மேலே சிதைந்து மண்ணும் கல்லுமாகக் கிடக்கும் அடுக்கில், அதற்குக் கீழே விரிசல்களில்.

பக்கத்துத் தோட்டக்காரரின் போர் ஒரு விரிசலை வெட்டியிருக்கிறது. அந்த விரிசல் வேறு பல விரிசல்களோடு சேர்ந்திருக்கிறது. உங்கள் போர் ஒன்றையும் வெட்டவில்லை. அல்லது வெட்டிய விரிசல் எதனோடும் சேராமல் தனியாகக் கிடக்கிறது. இரண்டாவது வகையை நம்மூரில் பலரும் பார்த்திருப்பார்கள்: முதல் நாள் தண்ணீர் பீறிட்டு அடிக்கும், பத்தாம் நாள் மோட்டார் காற்றை இழுக்கும். தூரம் குறைவு என்பதால் இணைப்பு உண்டு என்று ஆகிவிடாது. இந்தப் பக்கத்தில் சொல்லப்போவது முழுக்க இதைத்தான்.

இதில் புவிப்புள்ளியியலுக்கு என்ன வேலை?

சில துளைகளில் பார்த்ததை வைத்துப் பார்க்காத இடத்தைக் கணிப்பதுதான் அதன் பிறவித் தொழில். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் சில துளைகளின் மாதிரியைக் கொண்டு ஒரு முழுப் பாறைக்கட்டியில் எவ்வளவு தங்கம் தேறும் என்று கணிக்க டேனி கிரிகே 1951-இல் வழி சொன்னார். பிரான்சின் ஜார்ஜ் மாத்ரோன் 1960-களின் தொடக்கத்தில் அதற்குக் கணித அடித்தளம் போட்டு, முறைக்குக் கிரிகேயின் பெயரையே வைத்தார். கிரிகிங் என்ற பெயர் அப்படி வந்தது.

தங்கக் கணக்கில் கேள்வி 'எவ்வளவு' என்பது. தண்ணீர்க் கணக்கில் அதோடு 'எது எதோடு சேர்ந்திருக்கிறது' என்பதும் உண்டு. முதல் கேள்விக்காகப் பிறந்த கருவியை அப்படியே இரண்டாவதுக்கு எடுத்துவந்துதான் பல ஆய்வேடுகள் கவிழ்கின்றன.

வேரியோகிராம் என்கிறார்களே, அதை ஒரு சின்னக் கணக்கில் காட்ட முடியுமா?

முடியும். இரண்டு இடங்களுக்கு நடுவே தூரம் கூடக்கூட அவற்றின் மதிப்புகள் எவ்வளவு மாறுபடுகின்றன என்று காட்டும் கோடுதான் வேரியோகிராம். நூறு மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக ஐந்து கிணறுகள் என்று வைத்துக்கொள்வோம். சிதைந்த அடுக்கின் கனம் முறையே 8, 11, 10, 17, 15 மீட்டர். எண்கள் கற்பனைதான்.

நூறு மீட்டர் விலகிய ஜோடிகள் நான்கு. வித்தியாசங்கள் 3, 1, 7, 2. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 63. ஜோடி எண்ணிக்கையின் இருமடங்கான 8-ஆல் வகுத்தால் 7.9. இருநூறு மீட்டருக்கு ஜோடிகள் மூன்று. வர்க்கங்கள் 4, 36, 25, கூட்டுத்தொகை 65. 6-ஆல் வகுக்க 10.8. முந்நூறு மீட்டருக்கு ஜோடிகள் இரண்டு. 81-உம் 16-உம் சேர்ந்து 97. 4-ஆல் வகுக்க 24.3. தூரம் கூடக்கூட எண்ணும் கூடுகிறது. பக்கத்துக் கிணறுகள் ஒத்துப்போகின்றன, தள்ளியிருப்பவை மாறுபடுகின்றன என்பதற்கு இதுதான் எண் வடிவம். ஏதோ ஒரு தூரத்தில் இந்த ஏற்றம் நின்று கோடு படுத்துவிட்டால், அந்தத் தூரத்தை வீச்சு என்கிறோம்.

ஐந்து கிணறுகளை வைத்து உண்மையில் யாரும் இதைச் செய்யக் கூடாது. ஒவ்வொரு தூரத்துக்கும் குறைந்தது முப்பது ஜோடிகளாவது இருக்க வேண்டும் என்பது துறையில் பழகிய விதி.

வீச்சு 400 மீட்டர் என்று வந்திருக்கிறது. அப்படியானால் 400 மீட்டர் வரை விரிசல்கள் இணைந்திருக்கின்றன என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. மாணவர்களின் வரைவுகளில் நான் அதிகமாக அடித்துத் திருத்தும் வரி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேரியோகிராம் ஒரு நேரத்தில் இரண்டு புள்ளிகளைத்தான் பார்க்கும். இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று மட்டும் கேட்கும். அவற்றுக்கு நடுவே தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று கேட்காது. வழி என்பது பல புள்ளிகள் அறுபடாமல் கைகோத்து நிற்பது. இரண்டிரண்டாகப் பார்க்கிறவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

நம் கண்மாய்களையே பாருங்கள். மேல்கண்மாய் மறுகால் பாய்ந்து, வரத்துக் கால்வாய் வழியே கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் வர வேண்டும். அந்தக் கால்வாயில் ஓரிடத்தில் மட்டும் நாலு லோடு மண்ணைக் கொட்டி மூடிவிட்டால், அளவைப் படத்தில் கால்வாய் முக்கால்வாசிக்கு மேல் அப்படியேதான் இருக்கும். கீழ்க்கண்மாய் மட்டும் காய்ந்து கிடக்கும். பாறையிலும் ஒரு நீண்ட விரிசலின் நடுவில் கையகலக் களிமண் அடைத்துக்கொண்டால் போதும். வேரியோகிராம் ஏறக்குறைய அசையாது, இணைப்பு அறுந்திருக்கும்.

இது வெறும் வாதம் அல்ல. சின் என்பவரும் ஹார்வி என்பவரும் 2003-இல் மூன்று வகையான நீர்கடத்துதிறன் படங்களைக் கணினியில் உருவாக்கி ஒப்பிட்டார்கள். மூன்றிலும் மதிப்புகளின் பரவல் ஒன்றுதான், இரு புள்ளித் தொடர்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் நன்றாக நீர் கடத்தும் பகுதிகள் தொடர்ந்து சேர்ந்திருந்தன. இன்னொன்றில் கடத்தாத பகுதிகள் சேர்ந்திருந்தன. மூன்றாவதில் நடுத்தர மதிப்புகள். தண்ணீர் ஓடிய விதமும், அதில் கரைந்தவை பரவிய விதமும் மூன்றிலும் வெவ்வேறாக இருந்தன. வேரியோகிராமை மட்டும் பார்த்திருந்தால் மூன்றையும் ஒன்றென்றே சொல்லியிருப்போம்.

இன்னொரு பொறியும் உண்டு. மென்பொருள்கள் எளிமைக்காக எடுத்துக்கொள்ளும், காஸ் (Gauss) என்ற கணிதவியலாளர் பெயரிலான பரவலில், நடுத்தர மதிப்புகள் நன்றாகச் சேர்ந்திருக்கும், மிக உயர்ந்த மதிப்புகள் தீவுதீவாகச் சிதறிக் கிடக்கும். விரிசல் பாறையில் நிலைமை நேர் எதிர்: மிக உயர்ந்த மதிப்புகள்தான் நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றன. எதைத் தேடி வந்தோமோ அதை முதல் படியிலேயே சிதறடித்துவிடும் கருவியை, கேள்வி கேட்காமல் பொத்தானை அழுத்திப் பயன்படுத்துகிறோம்.

கிரிகிங் வரைபடம் அழகாக வருகிறதே, அதில் இணைப்பைப் பார்க்கலாமே?

அழகாக வருவதுதான் சிக்கல். கிரிகிங் சராசரியை நோக்கி இழுக்கும், கூர்மையானதை மழுக்கும். ஒரு மீட்டர் அகல விரிசல் மண்டலம் அரைக் கிலோமீட்டர் பச்சைத் திட்டாகத் தெரியும். கனம், ஆழம், சராசரி நீர்மட்டம் போன்றவற்றுக்கு அந்த வரைபடம் நல்லது. இணைப்புக்கு, ஒரே தரவோடு பொருந்தும் பல படங்களைக் கணினியில் உருவகப்படுத்தி, ஒவ்வொன்றிலும் இணைப்பைத் தனியாக அளந்து, விடைகளின் பரவலைச் சொல்ல வேண்டும். 'நூறு படங்களில் எழுபதில் இந்த இரண்டு போர்களும் இணைகின்றன' என்பது நேர்மையான விடை.

சரி, இணைப்பை நேராக அளப்பது எப்படி?

முதலில் படத்தைச் சிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு வரம்பை வைத்து ஒவ்வொரு கட்டத்தையும் 1, 0 என்று குறிக்க வேண்டும். வரம்புக்கு மேல் நீர் கடத்தினால் 1, இல்லாவிட்டால் 0. இப்படிச் சுட்டி மதிப்புகளாக மாற்றிக் கணிப்பதை 1983-இல் ஆந்த்ரே ஜூர்னல் முறைப்படுத்தினார். அடுத்து, ஒட்டி நிற்கும் 1-களைக் கொத்துக்கொத்தாக எண்ண வேண்டும். கட்டங்கள் ஏராளமாக இருக்கும்போது இதை வேகமாகச் செய்ய ஹோஷன்–கோபெல்மன் என்ற 1976-ஆம் ஆண்டு வழிமுறை இருக்கிறது. இன்று எல்லாப் படச் செயலாக்க மென்பொருளிலும் கொத்து எண்ணும் வசதி உண்டு.

பிறகு ஒரு கேள்வி: நீர் கடத்தும் கட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டைத் தொட்டால், இரண்டும் ஒரே கொத்தில் இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு கொத்தின் அளவையும் வர்க்கமாக்கிக் கூட்டி, மொத்தத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விடை. பத்துக் கட்டங்கள் 6, 3, 1 என்று மூன்று கொத்துகளாக இருந்தால் 36, 9, 1 சேர்ந்து 46. நூறால் வகுக்க 0.46. பத்தும் ஒரே கொத்தானால் 1. பத்தும் தனித்தனியானால் 0.1. மேலே சொன்ன களிமண் அடைப்பையும் இதில் பார்க்கலாம். பத்துக் கட்ட நீளக் கோட்டில் ஐந்தாவது கட்டம் அடைபட்டால் எஞ்சுவது 4-உம் 5-உம். 16-உம் 25-உம் சேர்ந்து 41, வகுப்பது 81-ஆல். ஒன்றாக இருந்த எண் 0.51-க்கு விழுகிறது. ஒரே கட்டம் போனதற்குப் பாதி இணைப்பு போயிற்று.

இதையே தூரவாரியாகச் செய்தால் இணைப்புச் சார்பு கிடைக்கும்: இவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு நீர் கடத்தும் புள்ளிகள் ஒரே கொத்தில் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்ற வளைகோடு. ஆய்வேட்டில் வேரியோகிராமுக்குப் பக்கத்தில் இந்தக் கோட்டையும் போடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுத்தால் இரண்டாவதை நம்புங்கள்.

ஆய்லர் எண் என்று ஒன்றும் உண்டு: தளத்தில், கொத்துகளின் எண்ணிக்கையிலிருந்து கொத்துகளுக்குள் இருக்கும் ஓட்டைகளின் எண்ணிக்கையைக் கழிப்பது. எதிர்மறையாகப் போனால் வலைபோல் பின்னியிருக்கிறது என்று பொருள். கணக்கிட எளிது, தனியாக நம்பப் போதாது.

மூலை மட்டும் தொடும் கட்டங்களை ஒட்டியவை என்று கொள்ளலாமா?

இதை எழுதாமல் விட்டால் உங்கள் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. சதுரக் கட்டங்களைத் தற்செயலாக நிரப்பிக்கொண்டே போனால், பக்கம் தொடுவதை மட்டும் கணக்கில் கொண்டால் ஏறக்குறைய 59 விழுக்காட்டில்தான் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தொடர்ச்சி உண்டாகும். மூலையையும் சேர்த்தால் 41 விழுக்காட்டிலேயே உண்டாகிவிடும். தண்ணீர்க் கணக்குக்குப் பக்கம் தொடுவதையே கொள்ளுங்கள். நீரோட்ட மாதிரிகளில் பெரும்பாலும் கட்டத்திலிருந்து கட்டத்துக்கு முகம் வழியாகத்தான் தண்ணீர் போகிறது.

முப்பரிமாணத்தில், முகம் தொடுவதை மட்டும் கொண்டால், தொடர்ச்சி உண்டாகும் அந்த வாசல் அளவு 31 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். செங்குத்து வெட்டுமுகத்தில் தனித்தனியாகத் தெரியும் இரண்டு விரிசல்கள், தாளுக்கு வெளியே, நம் கண்ணுக்குத் தெரியாத திசையில் சேர்ந்திருக்கலாம். நீளமும் மெல்லிய தடிமனும் கொண்ட விரிசல்கள் இதைவிட மிகக் குறைந்த பங்கிலேயே தொடர்ச்சி பெற்றுவிடும். இந்த எண்களெல்லாம் கட்டங்கள் தற்செயலாகச் சிதறியிருந்தால் மட்டுமே செல்லும். பாறை அப்படிச் சிதறுவதில்லை.

மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் பாறையை வெட்டித் திறந்து வைத்திருக்கின்றனவே. அந்த முகப்பில் விரிசலை அளந்து பயன்படுத்தலாமா?

ஆசை எல்லோருக்கும் வரும். வெட்டிய சுவரில் விரிசல் ஒவ்வொன்றும் கோடு போட்டதுபோல் தெரியும். நாடா பிடித்து, திசைகாட்டி வைத்து, நீளமும் சாய்வும் எழுதிவிடலாம். அந்தப் படத்தை மாதிரிப் படமாகக் கொடுத்து, அதன் வடிவங்களைப் பின்பற்றிப் புதிய படங்களை உருவாக்கும் பலபுள்ளிப் புள்ளியியல் முறை 1993-இல் குவார்டியானோ, ஸ்ரீவஸ்தவா ஆகியோரிடம் தொடங்கி, 2002-இல் ஸ்ட்ரெபெலின் வழிமுறையால் கைக்கு அடக்கமானது. இரண்டு புள்ளிகளுக்குப் பதில் ஒரே நேரத்தில் பல புள்ளிகளைப் பார்ப்பதால், வளைந்து ஓடும் தொடர்ச்சியை அது ஓரளவு காப்பாற்றும். வைகையின் பழைய மணல் தடங்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். குவாரிக்காரர் எந்தப் பாறையைத் தேடுவார்? விரிசல் இல்லாத பாறையை. பெரிய பாளமாக அறுபட வேண்டும், நடுவில் கோடு ஓடினால் கல் விலை போகாது. ஊரிலேயே விரிசல் குறைந்த இடத்தைத் தேடி அவர் வெட்டியிருக்கிறார். அங்கே அளந்ததை வைத்து ஊர் முழுக்க விரிசல் இவ்வளவுதான் என்றால், பயில்வானை நிறுத்தி ஊர்க்காரர்களின் எடையைச் சொன்ன கதைதான். போதாக்குறைக்கு வெடி வைத்ததில் உண்டான புது விரிசல்களும் சுவரில் இருக்கும். முகத்தில் துருக்கறையோ களிமண் பூச்சோ இருந்தால் அது பழைய விரிசல், தண்ணீர் நடந்த வழி. பளிச்சென்று புதிதாக இருந்தால் வெடியின் வேலையாக இருக்கலாம். முகப்பிலிருந்து திசையையும் சாய்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தியை எடுக்காதீர்கள்.

அரிட்டாபட்டிக் குன்றுகளின் ஊற்றுகளும், அழகர்மலையில் நூபுர கங்கையும் குவாரிச் சுவரைவிட நேர்மையான சாட்சிகள். பாறைக்குள் சேர்ந்த வழி ஒன்று வெளியே வந்து முடியும் இடம் அது. மாதம் ஒருமுறை நீர் வரத்தை அளந்து வைத்தால் அதுவே நல்ல தரவு.

தரவு எங்கே கிடைக்கும்? அரசு அலுவலகத்திலா?

மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை வைத்திருக்கின்றன. வட்டார அளவில் போக்கைப் பார்க்க அது போதும். நூறு மீட்டர் அளவில் இணைப்பைப் பார்க்க அந்தக் கிணறுகள் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருக்கின்றன.

அந்த நுணுக்கம் ரிக் வண்டி ஓட்டுகிறவரிடம் இருக்கிறது. ராடு இறங்கும்போது அவர் காதும் கையும் கவனிப்பதை நீங்கள் எழுதிக்கொண்டால் போதும். வெள்ளை மாவு ஒரே சீராகப் பறந்துகொண்டிருக்கும். திடீரென்று சுத்தியல் ஒலி மாறி, ராடு ஒரு குதி குதித்து இறங்கும். மாவோடு பெரிய சில்லுகள் வரும். அந்தச் சில்லுகளின் ஒரு முகத்தில் செம்பழுப்புக் கறை இருக்கும். அடுத்து மாவு ஈரமாகி உருண்டை பிடிக்கும், பிறகு நீர் வரும். ஒவ்வொன்றும் எந்த அடியில் என்று குறியுங்கள். 'இஞ்சு' என்று சொன்னால் அதோடு விடாமல், பெரிய கேனும் கைக்கடிகாரமும் வைத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளங்கள்.

ஒரு எச்சரிக்கை. பொய்த்த போர்களை யாரும் பதிவதில்லை. போரின் மேற்பகுதியில் இறக்கிய கேசிங் குழாயை உருவிக்கொண்டு போய்விடுகிறார்கள், சில நாளில் இடமே தெரியாது. தண்ணீர் வந்த போர்கள் மட்டும் உங்கள் பட்டியலில் இருந்தால் 1-களின் பங்கு கூடித் தெரியும், இணைப்பும் கூடித் தெரியும். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பொய்த்தவற்றையும் கேட்டு எழுதுங்கள். திறந்து கிடந்தால் உடனே மூடச் சொல்லுங்கள்.

நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளக்கும் ஆய்வு செய்தால் விரிசல் தெரிந்துவிடுமா?

சிதைந்த அடுக்கின் கனம் ஓரளவு நன்றாகத் தெரியும். முந்நூறு அடியில் இருக்கும் விரலகல விரிசல் தெரியாது. கருவி பெரிய கன அளவின் சராசரியைத்தான் காட்டும்.

நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடலாமா?

தேங்காயும் வேப்பங்குச்சியும் இணைப்பை அளப்பதில்லை. சிதைந்த அடுக்கு கனமாக இருக்கும் தாழ்வான இடத்தில் யார் எங்கே கைகாட்டினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். பெயர் குச்சிக்குப் போகிறது.

திசைக்குத் திசை இணைப்பு மாறுமா?

மாறும், கட்டாயம் பார்க்க வேண்டும். விரிசல்கள் பாறை நெருக்குண்ட திசையை ஒட்டி இரண்டு மூன்று கூட்டங்களாக ஓடும். எல்லாத் திசைக்கும் சேர்த்து ஒரே வளைகோடு போட்டால், ஒரு திசையில் இருக்கும் நல்ல இணைப்பும் மறு திசையில் இல்லாத இணைப்பும் கலந்து, எங்கும் இல்லாத ஒரு நடுத்தரம் கிடைக்கும். செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடாகத் தெரியும் ஓடைகளின் திசையை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு இணையாகவும் குறுக்காகவும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

பக்கத்து வீட்டுக் கழிவுத் தொட்டி என் போரைக் கெடுக்குமா என்பதும் இதே கணக்குத்தானா?

பாதி இதே கணக்கு. எவ்வளவு தண்ணீர் போகும் என்பது ஒன்று, முதல் துளி எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்பது இன்னொன்று. விரிசலின் வாய் இருமடங்கு அகன்றால் அதே சரிவில் எட்டு மடங்கு நீர் போகும், ஏனென்றால் ஓட்டம் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. அதனால் ஒரே ஒரு அகன்ற வழி இருந்தாலும் அசுத்தம் அதன் வழியே முந்திக்கொண்டு வந்துவிடும். சராசரியாகக் கணக்கிட்டவர் வருடக்கணக்கு ஆகும் என்பார், நாள்கணக்கில் நாற்றம் வரும். தண்ணீர் அளவுக்கு இணைப்பு குறைவு என்று வந்தாலும், அசுத்தத்துக்கு அது காப்பு ஆகாது. கேசிங் குழாயைச் சிதைந்த அடுக்கு முடிந்து கெட்டிப் பாறையில் நன்றாக ஊன்றும்வரை இறக்கினால் மேலிருந்து வருவதை ஓரளவு தடுக்கலாம்.

எந்த மென்பொருள்?

ஆர் மொழியில் ஜிஸ்டாட், பைத்தானில் ஜிஎஸ்டூல்ஸ், உருவகப்படுத்த எஸ்ஜெம்ஸ். எல்லாம் இலவசம். முதல் தடவை மட்டும் கட்டம் போட்ட தாளில் கையால் செய்து பாருங்கள்.

எனக்கு இரண்டு போர்கள் இருக்கின்றன. இரண்டும் உள்ளே சேர்ந்திருக்கின்றனவா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். இரண்டு மோட்டார்களையும் ஓர் இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் இரண்டிலும் நீர்மட்டத்தை அளங்கள். நுனி உரித்த இரட்டை வயரை எடை கட்டி இறக்கி, மேலே மல்டிமீட்டரில் மாட்டினால், நீரைத் தொட்டவுடன் முள் அசையும். அளக்கும் போரின் மின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு இறக்குங்கள். பிறகு ஒரு மோட்டாரை ஓடவிட்டு, மற்றதில் முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒருமுறை, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குப் பின் அரை மணிக்கு ஒருமுறை மட்டத்தை எழுதுங்கள். நிறுத்திய பிறகு மட்டம் ஏறுவதையும் அதேபோல் எழுதுங்கள்.

மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்று வட்டாரத்தில் எல்லா மோட்டார்களும் ஒன்றாக ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் சோதித்தால் உங்கள் போர் இறங்கியது யாரால் என்று தெரியாது. பக்கத்துத் தோட்டங்களில் பேசி நிறுத்தி வையுங்கள். முடியாவிட்டால் அவர்கள் போட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடவிட்ட சில நிமிடத்திலேயே மற்றதில் மட்டம் இறங்கத் தொடங்கினால் விரிசல் வழி இணைப்பு. மணிக்கணக்கில் மெல்ல இறங்கினால் சிதைந்த அடுக்கு வழியாக இருக்கலாம். அசையவே இல்லை என்றால், அந்த நேரத்துக்குள் எட்டவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

இதை வருடத்தில் இரண்டு முறை செய்யுங்கள்: கார்த்திகை மழைக்குப் பிறகு ஒன்று, சித்திரை வெயிலில் ஒன்று. மழை பெய்து நீர்மட்டம் சிதைந்த அடுக்கில் நிற்கும்போது, விரிசலில் சேராத போர்கள்கூட மேலடுக்கு வழியே சேர்ந்துவிடும். கோடையில் மட்டம் அதற்குக் கீழே போனதும் மேல்வழி அறுந்து, விரிசல் வழி மட்டும் எஞ்சும். மூன்றாவது போர் போடும் எண்ணம் இருந்தால் சித்திரைக் கணக்கை வைத்து முடிவெடுங்கள். கார்த்திகைக் கணக்கு, உரக்குழியையும் கழிவுத் தொட்டியையும் எங்கே வைப்பது என்பதற்கு உதவும்.